தெரிஞ்ச வழியைக் கேளுங்க

வழி தெரியாதவன் வழி கேக்குறதுல என்ன தம்பி சாமர்த்தியம் இருக்கு? அது அவன் தலையெழுத்து, கேட்டுத்தான் ஆகணும். தெரிஞ்சவன் கேக்கணும். கண்ணைக் கட்டி விட்டாலும் போயிச் சேர்ற பாதையில, எதிர வர்ற ஆளை நிறுத்தி, மூஞ்சியைப் பச்சப்புள்ள மாதிரி வச்சிக்கிட்டு, "இது எங்கங்க போவுது?"ன்னு கேக்கணும். அதுக்கு எழுபத்திரெண்டு வருசப் பழக்கம் வேணும். எனக்கு இருக்கு.

போன சித்திரையில, வயல் காஞ்சி கெடந்த நேரம், சிங்கப்பூர்ல மவன் வூட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வந்தேன். ஹில்வியூ பக்கம், ஒம்பதாவது மாடி. விமான நிலையத்துலேர்ந்து வர்ற வழியிலயே மருமவ பாடம் ஆரம்பிச்சிட்டா. "மாமா, இங்க யாரையும் உத்துப் பாக்காதீங்க. எந்த ஊருன்னு கேக்காதீங்க. எத்தனை புள்ளைங்கன்னு கேக்காதீங்க. சம்பளம் மட்டும் கேக்கவே கேக்காதீங்க." நான் தலையை ஆட்டினேன். நம்ம ஊர்ல பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்தவன்கிட்ட இந்த மூணையும் ஒரத்தநாடு தாண்டுறதுக்குள்ள கேட்டு முடிச்சிருப்போம். மூணையும் எடுத்துட்டா மிச்சம் பேச என்னா இருக்கு? வானிலையா? அங்க அதுவும் கெடையாது. காலையில வெயில், சாயங்காலம் மழை, அடுத்த நாளும் அதேதான்.

மொத ஞாயித்துக்கிழமை மவன் என்னை நடக்கக் கூட்டிக்கிட்டுப் போனான். ரயில் காரிடார்ன்னு ஒரு பாதை. அந்தக் காலத்துல மலாயா ரயில் ஓடின தடம். வடக்கே கிராஞ்சியிலேர்ந்து தெக்கே தஞ்சோங் பகார் வரைக்கும் 24 கிலோமீட்டர். 2011-ல ரயிலை நிறுத்தினாங்க, தண்டவாளத்தைப் பேத்தாங்க, அந்தத் தடத்தை மனுசன் நடக்கறதுக்குன்னு விட்டுட்டாங்க. நம்ம ஊரா இருந்தா அந்த வருசமே நாலு மனைப்பிரிவு போட்டு, அஞ்சாவதுக்கு வழக்கு நடந்துக்கிட்டு இருக்கும். அவுங்க புல்லு வளத்திருக்காங்க. ரெண்டு பக்கமும் மரம், எடையில சரளைப் பாதை, அங்கங்க வாழை, ஒரு எடத்துல மரவள்ளி. காட்டுக்கோழி கூவுது. மரத்து மேல இருவாச்சி ஒக்காந்துக்கிட்டு, வரி கேக்க வந்தவன் மாதிரி நம்மளைப் பாக்குது.

இம்புட்டையும் நான் பாத்தேன். மவன் என்னா பாத்தான்னு கேளுங்க. மணிக்கட்டைப் பாத்தான். ரெண்டு காதுலயும் வெள்ளையா வெங்காயத் தோலு மாதிரி எதையோ சொருவிக்கிட்டு, எனக்குப் பத்தடி முன்னாடி ஓட்டமும் நடையுமாப் போனான். ஒரு மணி நேரம் கழிச்சி நின்னான், கையைத் திருப்பிக் காட்டினான். "அப்பா, 7,100 அடி!" நானும் கூடவேதான் வந்தேன், நடக்காமப் பறந்தா வந்தேன்? எனக்கு மட்டும் எண்ண ஆள் இல்லை. கடியாரம் சொன்னாத்தான் நடந்ததாக் கணக்காம். சரி போ, நாளைக்கு நான் தனியா வர்றேன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிக்கிட்டேன்.

மறுநாள் இவுங்க ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போனதும் கெளம்பிட்டேன். கையில ஒரு பிளாஸ்டிக் பையி, அதுல நாலு வாழைப்பழம். முன்னாடியே ஒரு தடவை நடந்த வழி. கடைங்களுக்கு முன்னால ரோட்டுக்கு மேல பழைய இரும்புப் பாலம். ஆணியடிச்ச பாலம் தம்பி, நம்ம கொள்ளிடத்துப் பழைய பாலத்துக்குப் பேரப்புள்ள மாதிரி. அதுல ஏறி நேரா தெக்கே போனா புக்கிட் தீமா ஸ்டேஷன். சந்து கெடையாது, பிரிவு கெடையாது. தொலையணும்னு நெனைச்சாக் கூட தொலைய முடியாது. நமக்கு இதுதானே வேணும்?

எடது பக்கம் ஒரு குன்று. அதுதான் அந்த நாட்டுலயே ஒசந்த எடமாம், 164 மீட்டர். நான் சிரிச்சேன். இதுக்குப் பேரு மலையான்னேன், எனக்கு நானே. அப்பறம்தான் ஒறைச்சிச்சு. நம்ம ஊர்ல ஒசந்தது எது? வரப்பு. மீறிப் போனாத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம், 216 அடி. இந்தக் குன்று அதுல ரெண்டரை மடங்கு வரும். வாயை மூடிக்கிட்டு நடந்தேன்.

அந்தக் குன்றுலேர்ந்துதான் கொரங்கு எறங்குது. ஒரு பெரிய கடுவன், பாதைக்கு நடுவுல ஒக்காந்து என் பையையே பாக்குது. நமக்குக் கொரங்கு என்னா புதுசா? ஒரு பழத்தை எடுத்து நீட்டலாம்னு கையை விட்டேன் பாருங்க, பின்னாடிலேர்ந்து ஒரு சத்தம். "நோ, நோ, பாக்சிக்! ஃபைன்! ஃபைன்!" ஒரு மலாய்க்கார அம்மா, தலையில முக்காடு, கையில கொடை, ஓடி வருது. பாக்சிக்னா மலாய்ல மாமா. வனவிலங்குக்குத் தீனி போட்டா மொத தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதமாம். நம்ம காசுக்கு மூணு லச்சத்துக்கு மேல. ஒரு வாழைப்பழம் மூணு லச்சம்னா, நாலு பழத்தோட நடந்த நான் அன்னிக்கு அந்தப் பாதையிலயே பெரிய பணக்காரன்.

அந்தம்மா அதோட விடலை. பையைக் காட்டி, சட்டைக்குள்ள வையின்னு சைகை பண்ணிச்சு. பிளாஸ்டிக் பையைக் கண்டாலே கொரங்குக்குத் தீனி ஞாபகம் வந்துடுமாம். நான் திரும்பி நின்னு பையைச் சட்டைக்குள்ள வுட்டு, வேட்டியில சொருவிக்கிட்டுத் திரும்பினேன். அஞ்சு மாசக் கர்ப்பம் மாதிரி வயிறு. அந்தம்மா பாத்துட்டுச் சிரிக்க ஆரம்பிச்சது, கொடையை ஊனிக்கிட்டுச் சிரிச்சது. அப்பறம் அரை மணி நேரம் கூடவே நடந்துச்சு. அதோட மலாயும் என்னோட தமிழும் நடுவுல ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச நாப்பது இங்கிலீஸ் வார்த்தையும். போதும் தம்பி. நாப்பது வார்த்தையில ஒரு குடும்பத்தையே சொல்லிடலாம். எந்த ஊருன்னு அது கேட்டுச்சு. எத்தனை புள்ளைங்கன்னு கேட்டுச்சு. அப்பறம் பாருங்க, "சன் சேலரி ஹவ் மச்?" அப்புடின்னு கேட்டுச்சு! எனக்குக் கண்ணுல தண்ணி வராத கொறை. மருமவகிட்ட இதைச் சொல்லலை. சொன்னா அடுத்த தடவை அந்தப் பாதைக்கே பூட்டு போட்டுருவா.

அன்னிக்கு ஸ்டேஷனுக்குப் போயிச் சேந்தப்ப மணி ஒம்பதரை இருக்கும். 1932-ல கட்டின சின்னச் செங்கல் கட்டடம். நம்ம பக்கத்துக் கிராமத்து ஸ்டேஷன் எதையாவது தூக்கிக் கொண்டாந்து, தொடைச்சி வச்ச மாதிரி இருக்கு. கொஞ்ச தூரம் தண்டவாளத்தை மட்டும் விட்டு வச்சிருக்காங்க. நடைமேடையில ஒரு சீனக் கெழவரு ஒக்காந்திருந்தாரு. அரைக்கால் சட்டை, மேல முழுக்கை பனியன், பக்கத்துல ஒரு பாட்டில்ல வெந்நி. என்னைவிட ஆறு வயசு மூப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. நேராப் போயி முன்னாடி நின்னேன். தலைக்கு மேல பலகையில இம்மாம் பெருசா எழுதியிருக்கு. நான் கேட்டேன்: "அங்கிள், ஸ்டேஷன் வேர்?"

அவரு என்னைப் பாத்தாரு. பலகையைப் பாத்தாரு. திரும்பவும் என்னைப் பாத்தாரு. "திஸ் இஸ் ஸ்டேஷன் லா."

"ஓ! ட்ரெயின் வென்?"

அம்புட்டுதான். ஆளு நிமிந்து ஒக்காந்துட்டாரு. 2011, ஜூன் 30 ராத்திரி கடேசி ரயில் போனதை அவரு சொன்னதைக் கேக்கணும் நீங்க. தஞ்சோங் பகார்லேர்ந்து கெளம்பின அந்த வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கிட்டுப் போனாராம். சனம் ரெண்டு பக்கமும் நின்னுச்சாம். கெழவரு சொல்லச் சொல்ல கையே எஞ்சினு, வாயே ஊதல். சொல்லி முடிச்சிட்டு, "டைம் வாட்?"ன்னு கேட்டாரு. நான் வெயிலைப் பாத்து, பத்து ஆவப் போவுதுன்னேன். ரொம்ப நன்றின்னு தலை குனிஞ்சாரு.

இங்கதான் என் உபதேசத்தைச் சொல்லிக்கணும். புது எடத்துக்குப் போனா ஆளுங்ககிட்ட எப்புடிப் பேச்சு குடுக்கறதுன்னு என் பேரன்மாருங்க கேக்கறாங்க. கேக்கறதுக்கே ஃபோனைத் தேச்சிக்கிட்டுத்தான் கேக்கறாங்க. ஏம்ப்பா, நீ கெட்டிக்காரன்னு காட்டிக்கிட்டுப் போயி நின்னா எவன் பேசுவான்? மனுசனுக்கு நூறு ரூவா குடுக்க மனசு வராது, வழி சொல்லச் சொன்னா வேலையைப் போட்டுட்டு வருவான். அவனுக்கு அந்தப் பெருமையைக் குடு, நீ முட்டாளாயிரு. ஒனக்கு அது ஒண்ணும் பெரிய நடிப்பா இருக்காது.

நாயோட வர்றவரா? நாய்கிட்டப் பேசு. பதிலை எசமானரு சொல்லுவாரு. அந்த ஊர்ல நாயிக்கு ரொம்ப மரியாதை, வள்ளி தெய்வானை மாதிரி ரெண்டு பக்கமும் புருசன் பொண்டாட்டி நிக்க நடுவுல அது வருது. பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓடுறவனை நிறுத்தாதே, அவன் எவனுக்கோ குடுத்த வாக்கை நிறைவேத்திக்கிட்டு ஓடுறான். தனியா வர்ற பொண்ணு புள்ளைங்களை மறிச்சிக் கேள்வி கேக்காதே. நீ கெழவனா இருந்தாலும் சரி, நல்லவனா இருந்தாலும் சரி, அது அவுங்களுக்கு எப்புடித் தெரியும்? ஒதுங்கி நின்னு வழி வுடு, சிரிச்சாச் சிரி. அப்பறம், பேச ஆரம்பிச்சவன் முடிக்கவும் கத்துக்கணும். எங்க பெரியப்பா ஒருத்தரு வழி கேட்ட வூட்டுல மூணு நாள் தங்கினாரு.

மறுநாளும் போனேன். கெழவரு அதே எடத்துல. "அங்கிள், ஸ்டேஷன் வேர்?" "திஸ் இஸ் ஸ்டேஷன் லா." ரெண்டு பேரும் ஒக்காந்தோம். ஒரு பழம் அவருக்கு, ஒரு பழம் எனக்கு. கெளம்பறப்ப, "டைம் வாட்?" நானும் வெயிலைப் பாத்துச் சொன்னேன். இப்புடியே பத்து நாளுக்கு மேல ஓடிச்சு.

ஒரு நாள் வளையம் பேச்சு வந்துச்சு. அந்தத் தடம் ஒத்தைத் தடம். எதிரெதிரே ரெண்டு ரயில் வந்துட்டா என்னா பண்றது? ஒத்தை வரப்புல ரெண்டு மாட்டை எதிரெதிரே வுட்ட கதைதான். அதுக்கு ஒரு ஏற்பாடு. ஒரு சாவி, அதை ஒரு பெரிய வளையத்துல கோத்திருக்கும். எந்த டிரைவர் கையில அந்தச் சாவி இருக்கோ அவரு வண்டிதான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போலாம். சாவி வைக்கிறதுக்குன்னு ஸ்டேஷன்ல ஒரு மெஷினு, ஒரு சாவி வெளியில இருந்தா அது இன்னொண்ணைக் குடுக்காது. ஸ்டேஷன் மாஸ்டரு நடைமேடையில நின்னு வளையத்தை நீட்டுவாரு, டிரைவரு ஓடுற வண்டியிலேர்ந்து கையை வுட்டு வாங்கிக்குவாரு, பழைய வளையத்தை வீசுவாரு. புக்கிட் தீமாவுல 2011 வரைக்கும் இப்புடித்தான் நடந்துச்சாம். கெழவரு இதைச் சொல்ல வார்த்தை கெடைக்காம, எந்திரிச்சி நின்னு கையை நீட்டிக் காட்டினாரு.

எனக்கா தெரியாது! சின்னப் புள்ளையில நம்ம பக்கத்து பாசஞ்சர் வண்டிக்கு அந்த வளையம் மாத்தறதைப் பாக்கறதுக்குன்னே பள்ளிக்கூடத்தை ஏமாத்திட்டு வேலியோரம் நின்னவன் நான். நானும் எந்திரிச்சிட்டேன். அவரு மாஸ்டரு, நான் டிரைவரு. பத்தடி தள்ளிப் போயி, வாயாலயே சக்கு சக்குன்னு புகை வுட்டுக்கிட்டு ஓடி வந்தேன். இந்த முட்டியை வச்சிக்கிட்டு ஓட்டம்னு சொல்லக்கூடாது, ஒரு மாதிரி நவுந்தேன். அவரு இல்லாத வளையத்தை நீட்ட, நான் இல்லாத வளையத்தைக் கையில வாங்கி, தோள் வரைக்கும் ஏத்தி, பழசை அவரு காலடியில வீசினேன். அவரு குனிஞ்சி அதை எடுத்துத் தூசி தட்டினாரு! ஓடிக்கிட்டு இருந்த நாலு பேரு ஒதுங்கிப் போனாங்க. ஒரு வெள்ளைக்காரப் பையன் மட்டும் கை தட்டினான்.

அப்பத்தான் பாத்தேன். கையை ஒசத்தினதுல முழுக்கை பனியன் முழங்கை வரைக்கும் ஏறிக் கெடக்கு. மணிக்கட்டுல நல்ல வெள்ளிக் கடியாரம், முள்ளு ஓடுது. நான் கடியாரத்தைப் பாத்தேன், அவரு நான் பாக்கறதைப் பாத்தாரு. ஏதோ சமாதானம் சொல்லுவாருன்னு நெனைச்சேன். மெதுவாக் கையை எறக்கிக்கிட்டு, தலைக்கு மேல இருந்த பலகையை வெரலால காட்டினாரு. "யூ ஆல்சோ. எவ்ரிடே. ஸ்டேஷன் வேர், ஸ்டேஷன் வேர்."

எழுபத்திரெண்டு வருசப் பழக்கம்னு மொதல்ல பீத்திக்கிட்டேன் இல்லையா? அந்தாளுக்கு எழுபத்தெட்டு.

இன்னொருத்தரைப் பத்தியும் சொல்லிடறேன், இல்லாட்டி மவன் விசயம் முடியாது. பாதையோரம் ஒரு புள்ளை புல்லு வெட்டிக்கிட்டு இருந்தான். முதுவுல மெஷினு, மூஞ்சியில வலை, தலையில துண்டு. துண்டைக் கட்டின தினுசைப் பாத்தப்பவே தெரிஞ்சிபோச்சு. அந்தக் கட்டு மலாய்க்காரங்களுக்கு வராது. கிட்டப் போயி, "தம்பி, இந்தப் பாதை எங்க போவுது?"ன்னேன். அவன் மெஷினை நிறுத்தி, வலையைத் தூக்கி, "ஐயா, நீங்க தஞ்சாவூரா?"ன்னான். ஒரு வார்த்தையில புடிச்சிட்டான். மன்னார்குடி பக்கம் அவன் ஊரு. எங்க ஊருக்கு ரெண்டு ஆத்தைத் தாண்டினா வந்துரும். அவன் அக்காவைக் குடுத்திருக்கற ஊர்ல எனக்குச் சம்மந்தி வூடு இருக்கு. நடுக்காட்டுல நின்னு ஒறவுமொறை பாத்தோம், மாமா மச்சான் வரைக்கும் வந்து நின்னுச்சு. வந்து நாலு வருசமாவுதாம். ஊருக்கு ஒரு தடவைதான் வந்துருக்கான்.

மவன் அடையாளத்தைச் சொன்னேன். ஹில்வியூ, ஒசரமா, கண்ணாடி. "அட, அவுங்களா? வாரத்துல ரெண்டு நாளு இப்புடித்தான் ஓடுவாங்க. தமிழ் ஆளு மாதிரி இருக்குன்னு நானும் மூணு தடவை வணக்கம் வச்சேன் ஐயா. காதுல மாட்டியிருந்தாங்க, கேக்கலை போல." அவன் குத்தமாச் சொல்லலை. எனக்குத்தான் குத்துச்சு. மூணு வணக்கம் தம்பி, மூணும் அந்தப் புல்லுல விழுந்து கெடக்கு.

அந்தப் புள்ளைதான் ஞாயித்துக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். காமன்வெல்த் டிரைவுல முனீஸ்வரன் கோயிலு. பெரிய கோயிலு, நல்ல கூட்டம். அது மொதல்ல குவீன்ஸ்வே பக்கம் ரயில்வேயில வேலை பாத்த நம்ம சனங்க வச்ச சின்னக் கொட்டகையாம். வருசம் 1932. ஸ்டேஷன் கட்டின அதே வருசம். இப்ப இருக்கற எடத்துக்கு 1998-ல வந்துச்சாம். எங்க சித்தப்பா ஒருத்தரு நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி மலாயாவுக்கு ரயில்வே வேலைக்குப் போனவரு. அவரு தண்டவாளம் தட்டினது எந்தப் பக்கம்னு அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேக்கலை. ஊர்ல முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைப்போம். இந்த ஊர்ல பூங்காவுல கூட பொகை புடிக்கக் கூடாது. சாமி எப்புடி இம்புட்டு வருசம் காலம் தள்ளுதோன்னு நெனைச்சிக்கிட்டே கும்புட்டேன்.

அன்னிக்கு ராத்திரி சாப்புடறப்ப மவன்கிட்டச் சொன்னேன். கெழவரைப் பத்திச் சொன்னேன், மலாய்க்கார அம்மாவைப் பத்தி, சம்பளம் கேட்டதை மட்டும் விட்டுட்டு, சொன்னேன். கடேசியா மன்னார்குடிப் புள்ளை வச்ச மூணு வணக்கத்தைச் சொன்னேன். மருமவ சோத்தைப் பெசையறதை நிறுத்திட்டா. மவன் ஒண்ணும் சொல்லலை. "நெசமாவா?"ன்னு மட்டும் கேட்டான். ஆறு வருசமா அந்தப் பாதையில ஓடுறவன், அதுல யாரு இருக்காங்கன்னு முப்பது நாளைக்கு வந்த கெழவன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டான்.

ஊருக்குக் கெளம்பறதுக்கு மொத நாளு சீனக் கெழவர்கிட்டச் சொல்லிக்கப் போனேன். மவனும் கூட வந்தான். "அங்கிள், ஸ்டேஷன் வேர்?"ன்னேன், பழக்க தோசம். அவரு எனக்குப் பதில் சொல்லலை. மவனைப் பாத்து, முழுக்கையை நல்லா இழுத்து வுட்டுக்கிட்டு, "டைம் வாட்?"ன்னாரு. மவன் அந்த அடி எண்ற கடியாரத்தைப் பாத்து, 8 மணி 42 நிமிசம்னு சுத்தமாச் சொன்னான். கெழவரு என்னைப் பாத்து ஒரு கண்ணை மூடினாரு. மவன் அவரு பக்கத்துல ஒக்காந்தான். நான் ரெண்டு தடவை போலாமான்னு கேட்டும் எந்திரிக்கலை.

இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை ஃபோன் பண்றான். மன்னார்குடிப் புள்ளைக்கு வணக்கம் சொல்லிட்டானாம், பேரும் தெரியுமாம். ஓடுறப்ப எடது காதுல மாட்டறதில்லையாம். வலது காதுல இன்னும் இருக்கு. அதுக்கு வர்ற சித்திரைக்கு டிக்கெட் போட்டிருக்கேன்.